வால் மாறும் சொற்கள்

கோப்பி வந்த பிறகு பதில் சொல்லுங்கோ, அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு என்சா குசினிக்குள் போய்விட்டாள். அவசரம் இல்லை என்று சொல்லிக்கொண்டே அவள் என் தோளில் தட்டின தட்டு, பஸ்ஸில் வழிவிடாமல் நிற்கிற ஆளைத் தட்டுகிற தட்டு. என் மகன் துவாரகன் கட்டப்போகிற மர்த்தினாவின் தாய் இவள். பலெர்மோவில் பிறந்து பலெர்மோவிலேயே கொழுத்தவள். முருகா, அந்தச் சொல்லை எடுத்துவிடு. வளர்ந்தவள். கேட்ட கேள்வி சின்னது. இங்கே தேவாலயத்தில் கலியாணம் என்றால், மாப்பிள்ளை தன் தாயின் கையைக் கோத்துக்கொண்டு வாசலில் இருந்து பீடம் வரைக்கும் நடந்து வருவான், சனம் எழும்பி நின்று பார்க்கும். அந்தக் கையை நான் கோக்காமல், செத்துப்போன என் புருஷனின் அக்கா, சரோ மச்சாள், கோத்துக்கொண்டு வரட்டும், உங்களுக்குச் சரிதானே? வா பேனே? சரிதானே என்பதற்கும் சரி என்பதற்கும் இந்த ஊரில் அந்த ஒரே பேச்சு. வந்த நாளில் இருந்து நான் அதிகம் சொன்னதும் அதுதான். படிக்கட்டைத் திரும்பக் கழுவு என்றால் வா பேனே. இந்தக் கிழமை வேலை இல்லை என்றால் வா பேனே. ஆஸ்பத்திரியில் டொக்டர் வெளியே வந்து, உங்கள் கணவரின் இருதயம் நின்றுவிட்டது, எங்களால் ஏலாமல் போய்விட்டது என்று சொன்னபோதும் நான் வா பேனே என்றுதான் சொன்னேனாம். துவாரகன் அதைச் சிநேகிதர்களுக்குச் சொல்லிச் சிரிப்பான். எனக்கு அது ஞாபகமே இல்லை, ஆனால் நான் சொல்லியிருப்பேன். என் வாயை எனக்குத் தெரியும்.

மேசையில் சாப்பிட்டு முடிந்த பிளேற்றுகள். என்னுடையதில் மட்டும் பாதி அப்படியே கிடக்கிறது. வளையம் வளையமான மக்கரோனியை ஓவன் அடுப்புக்குள் வைத்துச் சுட்டது, உள்ளே கத்தரிக்காயும் பட்டாணியும்தான் என்று என்சா சத்தியம் பண்ணினாள். இரண்டாவது கரண்டியில் கொத்தின மாட்டிறைச்சி பல்லில் பட்டது. துண்டை வாயில் வைத்துத் துடைக்கிற மாதிரி எடுத்துவிட்டேன். கண்டவள் போலவும் காணாதவள் போலவும் என்சா சிரித்தாள். கொஞ்சம்தானே, ருசிக்காகத்தானே என்று அவளுடைய கண் சொல்லிச்சுது. துவாரகன் அதே சாப்பாட்டை இரண்டாம் தரமும் வாங்கித் தின்றான். தின்னட்டும், அவனுடைய வயிறு. எனக்கு எதிரே சரோ மச்சாள், நெற்றியில் பெரிய குங்குமம், உதட்டில் அதே நிறச் சாயம், காலையிலேயே சிகையலங்காரக் கடைக்குப் போய் வந்த தலை. என்னுடைய பாதிப் பிளேற்றைப் பார்த்துவிட்டு மெல்லக் குனிந்தாள். "மலர், நீ ஒண்டும் யோசியாதை. நான் எனக்காகவே கேக்கிறன்? பிள்ளையளின்ரை நன்மைக்குத்தானே." ஓம் மச்சாள், நீ உனக்காக ஒன்றும் கேட்டதில்லை, எல்லாம் தானாக உன் மடியில் வந்து விழும். "ஓம் மச்சாள்" என்றேன். முதல் இரண்டு சொல்லு மட்டும்தான் வெளியே வந்தது.

யார் முதலில் தொடங்கினது என்று எனக்குத் தெரியும். போன மாதம் சீலை பார்க்கிற சாட்டில் சரோ மச்சாள் என்சாவைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனவள். அங்கே எங்காவது ஒரு கடை வாசலில் வைத்துச் சொல்லியிருப்பாள், நான் சொல்லக்கூடாது, ஆனாலும் எங்கடை முறையில் புருஷன் இல்லாதவள் மங்கல காரியத்துக்கு முன்னுக்கு வரமாட்டாள், வந்தால் கூடாது. சவ வண்டி போனால் கெட்டது அண்டாமல் இரும்பைத் தொடுகிற என்சாவுக்கு அது போதும், கைப்பைக்குள் கையை விட்டுத் திறப்புக்கோர்வையைப் பிடித்திருப்பாள். இரண்டு ஊர்ச் சாத்திரமும் ஒன்றுக்கொன்று பாஷை விளங்காதவை, என் தலையில் ஏறி நின்று மட்டும் கைகுலுக்கிக்கொண்டன. தேவாலயத்துக்கு அடுத்த நாள் கோயில் மண்டபத்தில் நடக்கப்போகிற எங்கடை முறைக் கலியாணத்துக்குச் சரோ மச்சாளும் அத்தானும் தாய் தகப்பன் இடத்தில் நிற்பது எப்போதோ முடிவாகிவிட்டது. அதற்கு நான் வா பேனே சொல்லிவிட்டேன். அங்கே நான் பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருப்பேன். அதில் எனக்குக் கோபம் இல்லை. இருக்கிறது. இல்லை. இருக்கிறது என்று சொன்னால் யாருக்குக் கேட்கப்போகிறது, இந்த மண்டைக்குள் நானும் முருகனும்தானே இருக்கிறோம், அவனும் அரைவாசி நேரம் இருக்கிறதில்லை. ஆனால் அந்தத் தேவாலயத்து நடை, அது எனக்கென்று நினைத்து வைத்திருந்தேன். இந்த ஊர் முறையில் தாய்க்கு ஒரு இடம் இருக்கிறது, அதில் புருஷன் உயிரோடா என்று ஒருவரும் கேட்பதில்லை என்று மர்த்தினாவே ஒருநாள் சொன்னவள். அன்றைக்கு இரவு நித்திரை வரவில்லை, சந்தோஷத்தில். வெறும் கை. பிள்ளையின் கையை என் கை பிடித்துக்கொண்டு ஒரு தேவாலயத்தின் நீளம் நடக்கிறது. அவ்வளவுதான் ஆசைப்பட்டது.

"அவவுக்கு விளங்கினதா?" மர்த்தினா துவாரகனிடம் கேட்கிறாள், எனக்கு முன்னாலேயே, மண்டரின் பழத்தின் தோலை உரித்து அவனுடைய பிளேற்றில் போட்டுக்கொண்டு. "கொஞ்சம்" என்கிறான் என் பிள்ளை. கொஞ்சம். எனக்கு எல்லாம் விளங்கும். வாய்தான் பிழை, காது பிழை இல்லை. இந்தப் பாஷையை நான் கட்டிலில் கிடந்த ஒரு கிழவியிடம் பிடித்தேன். இம்மகொலாத்தா என்று பெயர். அவளைத் தூக்கிக் குளிப்பாட்டித் துடைக்கிறது என் வேலை. அவளுக்கு மகள்மார் மட்டும், வருகிற நேர்சும் பெண். அந்த வீட்டில் ஆம்பிளை என்றால் சுவரில் தொங்குகிற படம்தான். நாள் முழுக்க அவள் தன்னைப் பற்றியே சொல்லுவாள், களைத்துப்போனேன், தனிச்சுப்போனேன், வருத்தக்காரி, வடிவில்லாதவள். ஸ்தாங்கா, ஸ்தாங்கா, ஸ்தாங்கா. களைத்தவள் என்று அர்த்தம். நான் களைப்பு என்றாலே ஸ்தாங்கா என்று பிடித்துக்கொண்டேன். ஆம்பிளை களைத்தால் அது ஸ்தாங்கோ என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஆம்பிளை களைக்க வழியில்லை. இப்படித்தான் என் வாயில் எல்லா நல்லதும் கெட்டதும் பெண்ணாகிப்போனது. துவாரகனைப் பள்ளிக்கூட வாசலில் விட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல், இன்றைக்கு ஓட விடாதேங்கோ என்று ரீச்சருக்குச் சொல்லப் போய், என் மகன் நோயாளி என்பதைப் பொம்பிளைப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னேன். மலாத்தா. பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்குக் கேட்டுவிட்டது. அந்த வருஷம் முழுக்க அவனைச் சொல்லின் கடைசியில் அந்தப் பொம்பிளை வாலோடுதான் கூப்பிட்டார்களாம், பெல்லா, பிராவா, வடிவானவளே, கெட்டிக்காரியே. வீட்டுக்கு வந்து புத்தகப்பையைச் சுவரில் எறிந்தான். அன்றைக்குத் தொடங்கினது. நான் இத்தாலியனில் வாய் திறந்தால் இப்போதும் அவனுடைய தாடை இறுகும். பக்கத்தில் இருந்து பல்லுக்குள்ளாலே ஓ, ஓ என்பான். பெல்லோ, அம்மா, பெல்லோ.

பேந்து வகுப்புக்கும் போனேன், பிள்ளைக்காக. பங்குக் கோயில் மண்டபத்தில் வியாழக்கிழமை. ஒரு சின்னப் பெட்டை படிப்பித்தாள், நல்ல பொறுமைசாலி. பலகையில் நாலு பெட்டி கீறினாள். களைத்தவன் ஒருவன் என்றால் ஸ்தாங்கோ. களைத்தவள் ஸ்தாங்கா. ஆம்பிளையள் களைத்தால் ஸ்தாங்கி. பொம்பிளையள் களைத்தால் ஸ்தாங்கே. சொல்லு தன்பாட்டில் நிற்கக்கூடாது, யாரைச் சேர்ந்தது என்று திரும்பிப் பார்த்து வாலை மாற்றவேணும். இதென்ன அடிமைத்தனம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. எங்கடை 'நல்ல' யாருக்கும் வளையாது. நல்ல மகன், நல்ல மகள், நல்ல பிள்ளையள், நல்ல நாய். அது அப்படியே நிமிர்ந்து நிற்கும். அதைவிட ஒன்று சொன்னாள். மண்டபம் நிறையப் பொம்பிளையள் களைத்துக் கிடந்தாலும், ஒரு ஆம்பிளை வந்து மூலையில் இருந்தால் எல்லாருடைய வாலும் ஆம்பிளை வால் ஆகிவிடும். பின்னுக்கு இருந்த கானா நாட்டுப் பெண் கேட்டாள், "அந்த ஆம்பிளை களைக்காமல் சும்மா இருந்தாலுமா?" எல்லாரும் சிரித்தார்கள். ரீச்சரும் சிரித்தாள். எனக்கும் ஒரு கேள்வி இருந்தது, கேட்கவில்லை. அந்த ஆம்பிளை செத்துப்போனால் கணக்கில் வருவாரா இல்லையா? நாங்கள் நாலு பேர் வீட்டில் ஸ்தாங்கி. அவர் போன பிறகும் துவாரகன் இருந்தபடியால் ஸ்தாங்கி. துவாரகன் மர்த்தினாவோடு வீடு எடுத்துப் போனான், நானும் மகள் மயூராவும் ஸ்தாங்கே. மயூரா வேலைக்கு என்று பர்மிங்காம் போனாள். இப்போது ஒரு கதிரை, ஒரு பிளேற், ஸ்தாங்கா. கிழவி கட்டிலில் இருந்து சொல்லித்தந்த அதே சொல்லு. ஒரு வீடு காலியாகிறதை இந்தப் பாஷை ஒரு வாலில் காட்டிப்போடும். கண்டறியாத பாஷை.

ஆனால் எங்கடை பாஷை திறமோ என்று நெஞ்சு கேட்கிறது. அங்கே சொல்லு வளையாது, ஆள் வளையவேணும். அவர் செத்து, நான் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றே சரோ மச்சாள்தான் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் என்னை நிற்பாட்டி ஈரத்துணியால் என் நெற்றியைத் துடைத்தாள். அழுதுகொண்டுதான் துடைத்தாள், பொய் சொல்லக்கூடாது, தம்பியை இழந்தவள். ஆனால் அழுத்தித் துடைத்தாள். தோல் எரிந்தது. பேந்து அலுமாரியைத் திறந்து, இதைக் கட்டலாம், இதைக் கட்டக்கூடாது என்று சீலைகளைப் பிரித்தாள். கடும் நிறம் ஒன்றும் மிஞ்சவில்லை. பூ, நிற்கிற இடம், இருக்கிற வரிசை, ஆரத்தித் தட்டு எடுக்கிற கை, எல்லாம் அந்த ஒரு மனுஷன் உயிரோடா என்று திரும்பிப் பார்த்து மாறின. ரீச்சரிடம் கேட்காத கேள்விக்கு எங்கடை ஆட்களிடம் பதில் இருக்கிறது. செத்த ஆம்பிளை கணக்கில் வருவார், பெண்சாதி சாகும்வரைக்கும் வருவார். கனகலிங்கம், நீங்கள் இருக்கும்போது ஒரு கதவுக்குக்கூட முன்னுக்குப் போகாத மனுஷன், என்னை முதல் போக விட்டு நிற்பியள். இப்போது எந்த வாசலிலும் எனக்குக் குறுக்கே நிற்கிறியள். உங்களில் எனக்கு ஆத்திரம். சிவ சிவா. செத்தவரைத் திட்டுகிறேன், அதுவும் மாடு தின்ற மேசையில் இருந்து.

குசினிக்குள் என்சா கோப்பிப் பானையை முறுக்குகிற சத்தம், அடுப்புப் பற்றுகிற சத்தம். அவளுடைய புருஷன் நினோ பல்லுக்குத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறார். பாவம், அந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஒரு கள்ளமும் இல்லை. "என்ரை கலியாணத்துக்கு என்ரை அம்மாதான் கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவ" என்கிறார், மேசைக்குப் பொதுவாக. "அதுக்கு முதல் ஒரு மாதம் பொம்பிளையைத் திட்டித் தீர்த்துப்போட்டு, அழுதழுது வந்தவ. எல்லாரும் கெட்ட சகுனம் எண்டினம். பாருங்கோ, இவ்வளவு காலம், இந்த வீட்டிலை மோசமாய் ஒண்டும் நடக்கேல்லை, சமையலைத் தவிர." குசினியில் இருந்து, "எனக்குக் கேக்குது நினோ." "கேக்கத்தான் சொன்னனான்." மர்த்தினா சிரிக்கிறாள். துவாரகனும் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பு எங்கடை வீட்டில் நான் கண்டதில்லை, வாய் நிறைய. இங்கே அவனுக்கு டாரியோ என்று பெயர். துவாரகன் என்று வைக்க என் புருஷனின் தகப்பனார் சாத்திரியாரிடம் எழுத்துப் பார்த்தவர். டாரியோ. வாலில் ஓ இருக்கிறது, அதுதான் பிடித்திருக்கும்.

நான் ஓம் என்று சொல்லிவிட்டால் என்ன. சொல்லிவிட்டால் நல்லது. ஏனென்றால் பயம் எனக்கும் இருக்கிறது, இவர்களுக்கு மட்டும் இல்லை. நான் நடந்து வந்த பிறகு ஏதாவது நடந்தால்? கார் சறுக்கினால், பிள்ளை தங்காமல் போனால், இவனுக்கும் தகப்பனைப் போல நாற்பத்தெட்டில் நெஞ்சு பிடித்தால்? எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்காவிட்டாலும் நானே பார்ப்பேன். ராத்திரி எழும்பி இருந்து, அந்தக் கையை நீ ஏன் பிடித்தாய் என்று என்னையே கேட்பேன். சாமிப்படத்துக்கு முன்னால் எப்படி நிற்பேன். அதுசரி, ரொசாலியா மாதாவின் மலைக்கு வெறுங்காலில் ஏறும்போது நான் யார்? பலெர்மோத் தமிழ்ச்சனம் முழுக்க ஏறுகிற மலை, சைவமும் கிறிஸ்தவமும் சேர்ந்து ஏறும், கல்லுப் பாதை, வெய்யில். துவாரகனின் பள்ளிக்கூடச் சோதனைக்கு ஏறினேன், அவனுக்கு வேலை கிடைக்க ஏறினேன், இந்தப் பெட்டை இவனை விட்டுப் போய்விட்டாள் என்று அவன் சாப்பிடாமல் கிடந்தபோது, அவள் திரும்பி வரட்டும் என்றுகூட ஏறினேன், மாதாவே, அதற்கு நீ என்னை மன்னிக்கவேணும். அப்போது ஒருவரும் வந்து, புருஷன் இல்லாதவளே நீ நேர்த்தி வைக்கக்கூடாது, உன் காலடி கூடாது என்று மறிக்கவில்லை. சரோ மச்சாளே சொன்னவள், மலர், நீ ஏறினால் மாதா கேப்பா, எங்கடை மகன் ரஜீவனுக்கும் சேர்த்து ஏறு என்று. ஏறுகிற கால் மங்கலம், பிடிக்கிற கை அமங்கலம். ஒரே உடம்பில். இதை எந்தப் பெட்டியில் கீறுகிறது.

இருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லுவேன். எனக்குத் தெரியும். பயம் வென்றுவிடும், பயத்துக்குச் சாமியின் உடுப்புப் போட்டால் நான் கும்பிட்டுவிடுவேன். வாயில் வா பேனே வந்து இருந்துவிட்டது, நாக்கில் கல்கண்டு மாதிரி. நல்லது, முருகா, உன் சித்தம். தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். தேவாலயத்திலும் தூண் இருக்கும். "அம்மா" என்று துவாரகன் தமிழில் கூப்பிடுகிறான். "ஓம் எண்டு சொல்லிவிடுங்கோவன். ஏன் முகத்தை அப்பிடி வைச்சிருக்கிறியள்? அவையள் பார்க்கினம்." "நீ உதுகளை நம்புறியோ தம்பி?" "எதுகளை?" "நான் வந்தால் கூடாது எண்டு." அவன் கையைக் காற்றில் வீசினான். "எனக்கு உந்தச் சாத்திரம் ஒண்டும் தெரியாது. சரோ மாமி சொல்லுறா, அவையளும் பயப்பிடினம். விடுங்கோவன்." அவ்வளவில் நின்றிருந்தால் நான் விட்டிருப்பேன். அவன் மர்த்தினா பக்கம் திரும்பி, குரலை இறக்கி, இத்தாலியனில் சொன்னான், கொஞ்சம் விளங்குகிற அம்மாவுக்கு விளங்காது என்று நினைத்து. "இதுதான் எல்லாருக்கும் நல்லம். வாசலிலை சுவாமியாரோடை கதைக்கவேணும், உன்ரை மாமாமார், என்ரை ஒப்பீஸ் ஆக்கள், எல்லாரும் நிப்பினம். அம்மா வாயைத் திறந்தால் எப்பிடி இருக்கும் எண்டு உனக்குத் தெரியும்தானே. பள்ளிக்கூட வாசல் மாதிரி. அந்த ஒரு நாளாவது எனக்கு அது வேண்டாம்." மர்த்தினா மண்டரின் சுளையை வாயில் போட்டாள். மறுக்கவில்லை.

அப்படியா. நெஞ்சு முதலில் ஒன்றும் செய்யவில்லை, மேசைவிரிப்பில் இருந்த சோஸ் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பேந்து மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக வந்தது. சகுனம் இல்லை. சாமி இல்லை. கனகலிங்கம் குறுக்கே நிற்கவில்லை, பாவம் அந்த மனுஷன், சும்மா திட்டிவிட்டேன். சரோ மச்சாளின் சாத்திரமும் என்சாவின் இரும்பும் இவனுக்கு வாய்த்த திரை. திரைக்குப் பின்னால் இருந்தது வெட்கம். என் வாயைப் பற்றின வெட்கம். களைத்துக் கிடந்த ஒரு கிழவியின் பீயும் மூத்திரமும் அள்ளிக்கொண்டு பிடித்த பாஷை அது, அந்தப் பாஷையில்தான் இவனுக்குச் சப்பாத்து வாங்கினேன், பல்லுக்கு டொக்டர் பிடித்தேன், வீட்டுக்காரனோடு சண்டை பிடித்தேன். கடவுளுக்குப் பயந்து நான் ஒதுங்குவேன், சாகும்வரைக்கும் ஒதுங்குவேன். இவனுடைய வெட்கத்துக்கு நான் ஏன் ஒதுங்கவேணும்? அது என்ன சாமி? அதற்கு எந்த மலையில் கோயில்? பிள்ளையில் கோபப்படுகிற தாய்க்கு நரகம் என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். கேட்டது சரியாக இருக்கட்டும். எனக்கு இப்போது இந்தப் பிள்ளையின் கன்னத்தில் ஒன்று போடவேணும் போல இருக்கிறது, அவனுக்கு முப்பத்தொரு வயது, சட்டைக் கழுத்தில் வாசம் அடித்துக்கொண்டு இருக்கிறான், அடித்தால் என் கை நோகும். நாக்கில் கிடந்த கல்கண்டை விழுங்கினேன். தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கிச்சுது.

பானை கொதித்து இரைகிற சத்தம் நின்றது. என்சா தட்டத்தோடு வந்தாள், சின்னச் சின்னக் கோப்பைகள், முதலாவது எனக்கு. விருந்தாளிக்கு முதல். குனிந்து, குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக, "சரிதானே? வா பேனே?" எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். சரோ மச்சாள் ஏற்கெனவே தலையை ஆட்டத் தொடங்கிவிட்டாள், எனக்குப் பதிலாக.

"இல்லை" என்றேன். தமிழில்தான் வந்தது. அதனால் அவளுடைய பாஷையிலும் சொன்னேன். நோ. நான்தான் வருவன்.

என்சாவின் கையில் தட்டம் சரிந்து கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின. "மலர்" என்றாள் சரோ மச்சாள். "உனக்கென்ன விசரோ? பெத்த பிள்ளையின்ரை நல்லது கெட்டது உனக்குத் தேவையில்லையோ?" "ஏதும் நடந்தால் என்னிலை போடுங்கோ மச்சாள். போட்டுப் பழகினதுதானே." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, சத்தம் இல்லை, ஆனால் நடுங்கவும் இல்லை. துவாரகன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். "அம்மா, எல்லாருக்கும் முன்னாலை ஏன் இப்பிடிச் செய்யிறியள்?" "எல்லாருக்கும் முன்னாலை நடக்கிறதுக்குத்தானே கேக்கிறன்." "வந்து வாசலிலை என்ன கதைப்பியள்?" "எனக்குத் தெரிஞ்சதைக் கதைப்பன். நீ கேட்டுக்கொண்டு பக்கத்திலை நிப்பாய்." அவனுக்கு விளங்கிவிட்டது, அவன் மர்த்தினாவுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது என்று. முகம் சிவந்து, வெளுத்து, மர்த்தினாவைப் பார்த்தான். அவள் கோப்பைக்குள் பார்த்தாள். துவாரகன் பல்கனிக் கதவைத் திறந்து வெளியே போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் பற்ற வைத்தான். தகப்பனின் முதுகு அது இல்லை. அது என் அப்பாவின் முதுகு, கோபித்தால் கூனுகிற முதுகு. எனக்கு இரக்கம் வரவேணும். வந்தது, ஆனால் காணாது. நினோ என்னுடைய கோப்பிக்குள் சீனி போட்டுக் கலக்கி என் பக்கம் தள்ளினார்.

குடித்தேன். கைத்தது, சீனிக்கு மேலாலும் கைத்தது. குடித்து முடித்து எழும்பி, சீலையைச் சரிசெய்துகொண்டு, மேசைக்கும் கதவுக்கும் நடுவில் வெறும் தரையில் நின்றேன். பல்கனியில் போய்க் கேட்டால் பதில் வராது. "எந்தப் பக்கம் நிக்கிறது?" என்று என்சாவைக் கேட்டேன். "எந்தக் கையைப் பிடிக்கிறது?" நான் கேட்டதில் ஏதோ வால் பிழைத்திருக்கவேணும், அவளுடைய உதடு ஒரு தரம் துடித்து அடங்கினது. நானாக ஒரு கையை மடக்கி நீட்டிப் பார்த்தேன், இந்தப் பக்கம், பேந்து அந்தப் பக்கம். என்சா பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளால் ஏலவில்லை. பிழையாக மடித்த துவாயைக் கண்டால் கொடியில் இருந்து எடுத்துத் திரும்ப மடிக்கிற ஆள் அவள். "அப்பிடி இல்லை" என்றாள். "சந்தைக்குக் கூடை கொண்டுபோற மாதிரிப் பிடிக்கிறீங்கள்." பேந்து பெருமூச்சு விட்டு எழும்பி வந்து, என் பக்கத்தில் நின்று, தன்னுடைய முழங்கையை மடித்தாள். "நான்தான் டாரியோ. இதுக்குள்ளை கையை விடுங்கோ. தோளை இறக்குங்கோ. கீழே பார்க்கக்கூடாது." கையை விட்டேன். தடித்த கை, சூடான கை. அவளில் உள்ளியும் பூந்தைலமும் மணந்தது. நடந்தோம். மேசையைத் தாண்டி, சரோ மச்சாளின் கதிரையைத் தாண்டி, தொலைக்காட்சிப் பெட்டியைத் தாண்டி. "மெல்ல" என்றாள். "இன்னும் மெல்ல. பார்க்கிறவை பார்க்கட்டும்." அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் தன் கைக்குள் இருக்கிறது புருஷன் இல்லாதவளின் கை என்று அவளுக்கு ஞாபகம் வந்தது போல. உடம்பு விறைத்தது. காட்டினது போதும், விளங்கினதுதானே என்று சொல்லிக்கொண்டு கையை இழுத்தாள்.

நான் அந்தக் கையை என் விலாவோடு சேர்த்து இறுக்கினேன். கட்டிலில் கிடந்த கிழவிகளைத் தூக்கின கை இது, எனக்குப் பலம் இருக்கிறது. "பீடம் இன்னும் வரேல்லை" என்றேன்.

நடந்தாள்.